மேட்டுப்பாளையம் – கோவை – போத்தனூர் லைன்ல அரை மணிக்கு ஒரு மெமு (கரண்ட்ல ஓடற உள்ளூர் ரயில்): மனு எழுதலாம்னு இருக்கேன், விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

துடியலூர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறேன், பொறுத்துக்குங்க.

நான் துடியலூர், வேலை சிங்காநல்லூர் பக்கம். தினமும் பைக். காலைல ஒரு மணி நேரத்துக்கு மேல, சாயங்காலம் அதுக்கும் மேல. மேட்டுப்பாளையம் ரோட்டுல பெரியநாயக்கன்பாளையம், ஜி.என்.மில்ஸ், கவுண்டம்பாளையம்னு வரிசையா பாலம் கட்டிட்டாங்க. ஒரு பாலத்துல இறங்குனா அடுத்த சிக்னல்ல நிக்கறோம், அவ்வளவுதான் வித்தியாசம். அவிநாசி ரோட்டுல உப்பிலிபாளையத்துல இருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10 கிலோமீட்டருக்கு பாலம் 2025 அக்டோபர்ல திறந்தாங்க, நல்லா இருக்குது, இல்லேன்னு சொல்லல. ஆனா அது கார், பைக் வெச்சிருக்கறவங்களுக்குத்தான். பாலத்துக்கு மேல பஸ் ஸ்டாப் வெக்க முடியாதில்லீங்களா.

அடுத்த மாசமே மெட்ரோ திட்டத்த மத்திய அரசு திருப்பி அனுப்பிட்டாங்க. 39 கிலோமீட்டர், 10,740 கோடி ரூபாய்னு போட்ட திட்டம். 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் ஜனத்தொகை வேணும், 2011 கணக்குல கோவை 15.84 லட்சம்தான்னு காரணம் சொன்னாங்க. அது சரியா தப்பான்னு இங்க சண்டை போட வேண்டாம், அதுக்கு வேற திரி இருக்குது. எனக்கு மெட்ரோவும் வேணும். ஆனா இன்னிக்கே அனுமதி குடுத்தாலும் நான் அதுல ஏறறதுக்கு எத்தன வருஷம் ஆகும்? எம்பொண்ணு இப்ப மூணாவது படிக்கறா, அவ காலேஜ் போறப்ப வந்தாலே பெரிய விஷயம்.

இதெல்லாம் ஒரு பக்கம். நான் தினமும் பைக்ல போற ரோட்டுக்குப் பக்கத்துலயே, கண்ணுக்குத் தெரியற தூரத்துல தண்டவாளம் கெடக்குது. மேட்டுப்பாளையம், காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர், வடகோவை, கோயமுத்தூர் ஜங்ஷன், அப்புறம் போத்தனூர். மேட்டுப்பாளையத்துக்கு 1873லயே ரயில் வந்தாச்சு. பிராட் கேஜ், கரண்ட் லைன், எல்லாம் இருக்குது. ஊட்டி போறவங்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸும் நாளைக்கு ஒரு சில தடவ மெமுவும் ஓடுது. மீதி நேரம் தண்டவாளம் வெயில்ல சும்மா காயுது. துடியலூர்ல ஏறுனா ஜங்ஷன் 20 நிமிஷத்துக்குள்ள. பைக்ல நினைச்சுக்கூடப் பாக்க முடியாது.

என்னோட யோசனை ரெண்டு லைன். முதல் லைன் மேட்டுப்பாளையம் – ஜங்ஷன் – போத்தனூர். ரெண்டாவது போத்தனூர் – ஜங்ஷன் – வடகோவை – பீளமேடு – சிங்காநல்லூர் – இருகூர் – சூலூர் ரோடு – சோமனூர் – வஞ்சிபாளையம் – திருப்பூர். புதுசா நிலம் எடுக்க வேண்டாம், தூண் நட வேண்டாம். அரை மணிக்கு ஒரு மெமு, காலைல 5 மணில இருந்து ராத்திரி 10 வரைக்கும்.

மனுவா எழுதி எம்.பி., கலெக்டர், ரயில்வே எல்லாருக்கும் குடுக்கலாம்னு இருக்கேன். நாலஞ்சு பேர் சேந்தாச்சு. ஆனா ஆசைய மட்டும் எழுதிக் குடுத்தா குப்பைல போயிரும்னு பயமா இருக்குது. எங்க முட்டும், எது முடியும், எது முடியாதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. கேள்வி இதுதான்: இருக்கற தண்டவாளத்துல அரை மணிக்கு ஒண்ணு நெஜமாவே விட முடியுமா?

---

செக்ஷன் கண்ட்ரோல் (ஓய்வு)

தம்பி, நல்ல கேள்வி. நான் எந்த வண்டிய விடறது, எத நிப்பாட்டறதுன்னு பாக்கற ரயில்வே கண்ட்ரோல்ல 20 வருஷத்துக்கு மேல உக்காந்தவன், வேற கோட்டத்துல, ஆனா சிங்கிள் லைன் (போக, வர ஒரே தண்டவாளம்) எல்லா ஊர்லயும் ஒண்ணுதான். நேரா பதில் சொல்லிர்றேன். இன்னிக்கு இருக்கற மேட்டுப்பாளையம் லைன்ல அப்படியே அரை மணிக்கு ஒண்ணு விட முடியாது. கொஞ்சம் காசு போட்டா முடியும். அந்தக் கொஞ்சம் எதுல போடணும்கறதுதான் உங்க மனுவோட உயிரு.

கணக்கு சொல்றேன், பேப்பர்ல கோடு போட்டுப் பாருங்க. கோவை – மேட்டுப்பாளையம் 36 கிலோமீட்டர், ஓட்டம் முக்கால் மணி நேரம்னு வெச்சுக்கலாம். ரெண்டு பக்கமும் அரை மணிக்கு ஒரு வண்டி விட்டா, நீங்க உக்காந்திருக்கற வண்டிக்கு எதிர்ல ஒவ்வொரு 15 நிமிஷத்துக்கும் ஒரு வண்டி வரும். 30 இல்ல, 15, ஏன்னா ரெண்டு வண்டியும் ஒண்ண ஒண்ணு நோக்கி ஓடிட்டு இருக்குது. அப்ப முக்கால் மணி ஓட்டத்துல மூணு எடத்துல எதிர் வண்டிய தாண்டணும். சிங்கிள் லைன்ல தாண்டணும்னா அந்த எடத்துல ஒரு வண்டி ஒதுங்கி நிக்க லூப் லைன் வேணும், ரெண்டு பக்கமும் பிளாட்பாரம் வேணும், சிக்னல் வேணும், தண்டவாளம் மாத்தி விடற பாயிண்ட் வேணும், ஸ்டேஷன் மாஸ்டர் வேணும், ஜனங்க தாண்டறதுக்கு நடைமேம்பாலம் வேணும். வெறும் ஹால்ட்டா இருக்கற ஸ்டேஷன்ல இது எதுவும் இருக்காது, டிக்கெட் குடுக்க ஒரு ஏஜென்ட் இருப்பார், அவ்வளவுதான்.

ஆக துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை இந்த மூணும் முழு கிராசிங் ஸ்டேஷனா இருந்தாத்தான் அரை மணி டைம்டேபிள் நிக்கும். அதுவும் அந்த மூணு எடமும் 15 நிமிஷ இடைவெளிக்கு ஓரளவு பொருந்தணும், பொருந்தலேன்னா ஒரு வண்டி சும்மா நின்னு காத்துட்டு இருக்கும், அந்தத் தாமதம் அடுத்ததுக்குத் தொத்தும், சாயங்காலத்துக்குள்ள டைம்டேபிளே கலைஞ்சு போயிரும்.

மணிக்கு ஒண்ணுன்னா கதையே வேற. அரை மணிக்கு ஒரு எதிர் வண்டி. நடுவுல ஒரு எடம், மிஞ்சிப்போனா ரெண்டு எடத்துல லூப் இருந்தாப் போதும். அதனால முதல் கட்டமா மணிக்கு ஒண்ணு கேளுங்க, ரெண்டாவது கட்டமா லூப் போட்டு அரை மணி. எடுத்ததும் அரை மணின்னு கேட்டா ரயில்வேல வண்டி ஓட்டத்தப் பாக்கற ஆபரேட்டிங் பிரிவுல இருக்கறவர் முதல் பாராவுலயே "லைன் கெபாசிட்டி இல்லை"ன்னு எழுதி மூடிருவார். அவர் எழுதறதுலயும் பொய் இல்ல.

இன்னொண்ணு, வடகோவைக்கும் ஜங்ஷனுக்கும் நடுவுல 3 கிலோமீட்டர் இருக்குது பாருங்க, அதுதான் கழுத்து. திருப்பூர்ல இருந்து வர்றதும் மேட்டுப்பாளையத்துல இருந்து வர்றதும் அங்கதான் சேருது. கேரளா போற எக்ஸ்பிரஸ், வந்தே பாரத்னு நெறைய வண்டி அந்த வழி. அங்க உங்க மெமு ஒரு எக்ஸ்பிரஸுக்காக சிக்னல்ல நிக்கறதுக்கு வாய்ப்பு அதிகம். போத்தனூர் வரைக்கும் விடணும்னு நீங்க போட்டிருக்கறது அதனாலதான் சரியான யோசனை. ஜங்ஷன்ல ஆறு பிளாட்பாரம்தான். மெமு அங்கயே முடிஞ்சு திரும்புனா ஒரு பிளாட்பாரத்த 20 நிமிஷம் அடைச்சுக்கும். நேரா போத்தனூருக்குப் போனா 2, 3 நிமிஷத்துல எடத்தக் காலி பண்ணிரும், திரும்பறத அங்க வெச்சுக்கலாம்.

ரெண்டாவது லைன் பத்தி நாளைக்கு எழுதறேன், கண்ணு வலிக்குது.

---

சோமனூர் பொண்ணு

அண்ணா, ரெண்டாவது லைன்ல எங்க ஊரையும் சேத்திருக்கீங்க, சந்தோஷம். நான் பீளமேட்டுல ஒரு ஆஸ்பத்திரில நர்ஸு. ரயில், பஸ் ரெண்டுலயும் போயிட்டு வர்றவ, அதனால சில விஷயம் சொல்லணும்.

ரயில்ல குறைஞ்ச கட்டணம் 10 ரூபா, சீசன் எடுத்தா இன்னும் கம்மி. ஆனா 2021ல இருந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. பிங்க் கலர் பஸ் வந்தா ஏறிக்கறோம். அதனால எங்களைப் பொறுத்தவரைக்கும் ரயில் காசுல ஜெயிக்காது, நேரத்துலதான் ஜெயிக்கணும். என்கூட வேலை செய்யற துடியலூர் அக்கா ஒருத்தங்க மாசம் ஆயிரம் ரூபாயாவது மிச்சம் பண்றாங்க, அவங்கள ரயிலுக்கு வாங்கன்னு கூப்பிட்டா "எத்தன மணிக்கு வண்டி, அத விட்டா அடுத்தது எப்ப"ன்னுதான் கேப்பாங்க. அடுத்தது ரெண்டு மணி நேரம் கழிச்சுன்னா வர மாட்டாங்க. நான் பண்றதும் அதுதான். காலைல ஷிப்டுக்கு ரயில், சாயங்காலம் ஷிப்டு முடியறது முன்னப்பின்ன ஆகும், வண்டி போயிருக்கும், பஸ்தான்.

அதவிட முக்கியம் ஸ்டேஷன்ல இருந்து வெளிய வர்ற பாதை. பீளமேடு ஸ்டேஷன் அவிநாசி ரோட்டுல இருந்து உள்ள தள்ளி இருக்குது. ராத்திரி 8 மணிக்கு மேல அந்த வழில தனியா நடக்க எனக்குப் பயம், இத வெளிப்படையாவே சொல்றேன். சிங்காநல்லூர்லயும் பஸ் ஸ்டாண்டு ஒரு பக்கம், ரயில்வே ஸ்டேஷன் இன்னொரு பக்கம். உங்க மனுவுல வண்டி எத்தனைன்னு நெறைய இருக்குது, லைட்டு, கக்கூஸு, குடிதண்ணி, ஸ்டேஷன் வாசல்ல இருந்து ஒரு மினி பஸ், இதப்பத்தி ஒரு வரி கூட இல்ல. பிளாட்பாரத்துல சாயங்காலம் 7 மணிக்கு எத்தன பொம்பளைங்க நிக்கறாங்கன்னு எண்ணிப் பாருங்க, அதுக்கும் காலைல 8 மணிக்கு நிக்கறவங்களுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் எல்லாத்தையும் சொல்லிரும்.

வேண்டாம்னு சொல்ல வரலங்ணா. கண்டிப்பா வேணும். நான் முதல் ஆளா கையெழுத்து போடறேன்.

---

மயிலாப்பூர் டூ வடவள்ளி

மேல சகோதரி சொன்னத நான் மெட்ராஸ்ல கண்ணால பாத்தேன். 14 வருஷம் அங்க இருந்தேன்.

பறக்கும் ரயில் 1995ல பீச்ல இருந்து சேப்பாக்கம் வரைக்கும் வந்துச்சு, 97ல மயிலாப்பூர், 2007ல வேளச்சேரி. ஒவ்வொரு ஸ்டேஷனும் கோட்டை மாதிரி. உள்ள போனா ஆள் இருக்காது. காரணம் ரயில் இல்ல, வண்டி நல்லாத்தான் ஓடுச்சு. பஸ் ஸ்டாப் ஒரு பக்கம், ஸ்டேஷன் வாசல் இன்னொரு பக்கம், நடுவுல இருட்டு. வேளச்சேரில இருந்து பரங்கிமலை வெறும் 5 கிலோமீட்டர், அத இணைச்சா புறநகர் ரயிலும் மெட்ரோவும் ஒரே எடத்துல கெடைக்கும். 2008ல ஆரம்பிச்சு நிலப்பிரச்சனையில 15 வருஷத்துக்கு மேல இழுத்துச்சு. அந்த அஞ்சு கிலோமீட்டர் இல்லாத வரைக்கும் மீதி இருபது கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட பாதி பிரயோஜனம்தான் இருந்துச்சு.

அதே ஊர்ல பீச் – தாம்பரம் லைனப் பாருங்க. 1931ல கரண்ட் வண்டி விட்டாங்க, அப்பவே புறநகர் வண்டிக்குன்னு தனியா ரெண்டு தண்டவாளம் ஒதுக்கிட்டாங்க. மாம்பலம் ஸ்டேஷன் படி எறங்குனா ரங்கநாதன் தெரு. ஸ்டேஷன விட்டு வெளிய வந்த உடனே கடை, பஸ்ஸு, ஜனம். இந்த 90 வருஷத்துல குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் வளந்ததே அந்த லைனப் புடிச்சுக்கிட்டுதான். டைம்டேபிள் பாத்து யாரும் போக மாட்டாங்க, போய் நின்னா வண்டி வரும்னு போவாங்க.

கோவைல நம்ம அதிர்ஷ்டம் என்னன்னா மேட்டுப்பாளையம் ஸ்டேஷனும் பஸ் ஸ்டாண்டும் கிட்டக்கிட்டதான். ஜங்ஷன் ஊருக்கு நடுவுல. வடகோவைல எறங்குனா காந்திபுரத்துக்கு ரொம்ப தூரம் இல்ல. அந்த வடகோவை – காந்திபுரம் நடுவுல 10 நிமிஷத்துக்கு ஒரு சின்ன பஸ், வண்டி வர்ற நேரத்துக்குப் பொருந்தற மாதிரி, இத மட்டும் மாநில அரசுகிட்ட தனியாக் கேளுங்க. இது ரயில்வேகிட்ட கேக்கற விஷயமே இல்ல. சென்னைல இப்ப "சென்னை ஒன்" ஆப்ல பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூணுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம், 2025 செப்டம்பர்ல வந்துச்சு. அது மாதிரி இங்கயும் கேக்கலாம்.

---

ஹைதராபாத்ல ஒரு கோவைக்காரன்

எல்லாரும் ஆர்வமா இருக்கறப்ப தண்ணி ஊத்தறேன்னு நினைக்காதீங்க. ஆனா "இருக்கற தண்டவாளத்துலயே விட்டுரலாம்"கறத ஒரு ஊர் ஏற்கனவே செஞ்சு பாத்துருச்சு. நான் இங்க அதுலதான் 6 வருஷம் போனேன்.

எம்.எம்.டி.எஸ்.னு ஒரு உள்ளூர் ரயில் சேவைய 2003 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்க. செகந்திராபாத், லிங்கம்பள்ளி, பலக்னுமா, நாம்பள்ளி. மாநில அரசும் ரயில்வேயும் பாதிப்பாதி காசு. நிலம் எடுக்கல, தூண் நடல, நீங்க சொல்ற அதே முறை. ரொம்ப கம்மி செலவுல முடிஞ்சுது, ஆரம்பத்துல ஜனங்களும் நல்லா ஏறுனாங்க. ஆனா தண்டவாளம் எக்ஸ்பிரஸுக்கும் கூட்ஸுக்கும் பொதுவானது. எங்கயாவது ஒரு எக்ஸ்பிரஸ் லேட்டாச்சுன்னா முதல்ல நிப்பாட்டறது எங்க வண்டியத்தான். ஆபீஸ் போறவன் ரெண்டு நாள் லேட்டானா மூணாவது நாள் பைக்க எடுத்துருவான். ஆள் கொறையுது, ஆள் கொறைஞ்சா வண்டியக் கொறைக்கறாங்க, வண்டி கொறைஞ்சா இன்னும் ஆள் கொறையுது. மெட்ரோ வந்தப்புறம் முடிஞ்சவங்க எல்லாம் அங்க போயிட்டாங்க.

பெங்களூருல புறநகர் ரயிலுக்கு, இருக்கற தண்டவாளத்துக்குப் பக்கத்துலயே தனி லைன்னு முடிவு பண்ணாங்க. 148 கிலோமீட்டர், நாலு வழித்தடம், 15,767 கோடி, 2020 அக்டோபர்ல அனுமதி. அஞ்சு வருஷம் தாண்டியும் ஜனங்க ஏற ஒரு வண்டி வரல. ரெண்டு பாதையிலயும் கஷ்டம் இருக்குது. ஒண்ணு சீக்கிரம் வரும், நிக்காது. இன்னொண்ணு நிக்கும், வர்றதுக்குள்ள நமக்கு வயசாயிரும்.

என் கருத்து: மேட்டுப்பாளையம் லைனுக்கு உங்க திட்டம் சரி, ஏன்னா அதுல வெளியூர் வண்டி தொந்தரவு ரொம்ப கம்மி, அது கிட்டத்தட்ட உங்க சொந்த லைன் மாதிரி. திருப்பூர் லைனுக்கு சரி வராது, அங்க மூணாவது தண்டவாளம் இல்லாம அரை மணி சேவைன்னு பேசவே கூடாது. ரெண்டையும் ஒரே மனுவுல போட்டா திருப்பூர் லைனோட சிக்கலக் காட்டி மேட்டுப்பாளையத்தையும் சேத்து மறுத்துருவாங்க. பிரிச்சுக் கேளுங்க.

---

கிணத்துக்கடவு

பொள்ளாச்சி லைன ஒருத்தரும் சொல்லல. போத்தனூர் – பொள்ளாச்சி 40 கிலோமீட்டர், மீட்டர் கேஜ பிரிச்சு போட்டு வருஷக்கணக்குல வண்டியே இல்லாம இருந்து 2017ல பிராட் கேஜாத் திறந்தாங்க. அவ்வளவு காத்திருந்தும் எங்களுக்குக் கெடைச்சது விரல் விட்டு எண்ற வண்டி. எங்க பசங்க பூரா கோவை காலேஜுக்குப் போறாங்க, பஸ் படில தொங்கிட்டு. மேட்டுப்பாளையம் – போத்தனூர்னு முடிக்காம மேட்டுப்பாளையம் – பொள்ளாச்சின்னு கேட்டா என்னங்க? ஒரே நேர்கோடு, வண்டிய திருப்பவும் வேண்டாம்.

ஒரு சிக்கல் இருக்குது, அதையும் சொல்லிர்றேன். பொள்ளாச்சி, கிணத்துக்கடவு பாலக்காடு கோட்டம். மேட்டுப்பாளையம், கோவை சேலம் கோட்டம். எங்க ஊருக்கு எதக் கேட்டாலும் ரெண்டு எடத்துல கேக்க வேண்டியதா இருக்குது.

---

செக்ஷன் கண்ட்ரோல் (ஓய்வு)

நேத்து விட்டதத் தொடர்றேன்.

ஹைதராபாத் தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. ரெண்டையும் பிரிங்க. திருப்பூர் லைன் டபுள்தான், ஆனா மெட்ராஸ்ல இருந்து கேரளா போறதுல பெரும்பாலானது அதுல போகுது. அங்க முதல்ல கேக்க வேண்டியது ஆட்டோமேட்டிக் சிக்னல். இப்ப பொதுவா இருக்கற முறையில ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரு நேரத்துல ஒரே வண்டிதான் இருக்கலாம், முன்னால போனது அடுத்த ஸ்டேஷன் சேந்தாத்தான் பின்னால அடுத்தத விடுவாங்க. ஆட்டோமேட்டிக்ல நடுநடுவுல சிக்னல் இருக்கும், ஒண்ணு பின்னால ஒண்ணா விட்டுட்டே இருக்கலாம். தண்டவாளம் அதேதான், வண்டி எண்ணிக்கை மட்டும் கூடும். அது வந்தப்புறம் திருப்பூர் மெமு பத்திப் பேசலாம்.

சில பேர் எனக்குத் தனியா மெசேஜ் போட்டு போத்தனூர் – இருகூர் – பீளமேடு – ஜங்ஷன்னு சுத்து ரயில் கேக்கறாங்க. வரைபடத்துல வட்டமாத் தெரியும். தண்டவாளம் வட்டமா இல்லீங்க. ஜங்ஷன்ல இருந்து வர்ற லைனும் இருகூர்ல இருந்து வர்ற லைனும் போத்தனூருக்குள்ள ஒரே பக்கத்துலதான் நுழையுது, இருகூர்லயும் அப்படித்தான். ரெண்டு எடத்துலயும் வண்டி திசை மாறணும். மெமுவுக்கு ரெண்டு முனையிலயும் டிரைவர் கேபின் இருக்கறதால இஞ்சின் மாத்த வேண்டாம், ஆனா டிரைவர் இந்த முனையில இருந்து அந்த முனைக்குப் போயி பிரேக் டெஸ்ட் பண்ணிக் கிளம்ப ஒவ்வொரு தடவையும் சில நிமிஷம் போகும், பிளாட்பாரமும் அடையும். முடியாதுன்னு இல்ல, முதல் மனுவுல வேண்டாம்.

பொள்ளாச்சி யோசனை எனக்குப் புடிச்சிருக்குது. ஆனா அதுவும் சிங்கிள் லைன். பெரும்பாலும் சிங்கிள் லைனா இருக்கற 80 கிலோமீட்டர்ல ஒரு முனையில ஆன தாமதம் இன்னொரு முனை வரைக்கும் போகும். நாளைக்கு நாலு வண்டிய மட்டும் பொள்ளாச்சி வரைக்கும் நீட்டச் சொல்லிக் கேக்கலாம்.

---

துடியலூர்க்காரன்

ஐயா, ரொம்ப நன்றிங்க. கோடு போட்டுப் பாத்தேன், 15 நிமிஷக் கணக்கு அப்படியே வருது. இத்தன நாளா தண்டவாளம் சும்மா கெடக்குதுன்னு மட்டும்தான் நினைச்சேன், லூப் லைன்னு ஒண்ணு இருக்கறதே உறைக்கல.

ரெண்டு சந்தேகம். வண்டி எத்தன செட் வேணும்? "வண்டி இல்லை"ன்னு சொன்னா என்ன பதில் சொல்றது?

---

செக்ஷன் கண்ட்ரோல் (ஓய்வு)

மேட்டுப்பாளையம் – போத்தனூர் 42 கிலோமீட்டர், ஜங்ஷன்ல நிக்கறதையும் சேத்து 65 நிமிஷம். ரெண்டு முனையிலயும் 10 நிமிஷம். போயிட்டு வர 150 நிமிஷம். மணிக்கு ஒண்ணுன்னா 150ஐ 60ஆல வகுங்க, ரெண்டரை, ஆக மூணு செட். அரை மணிக்கு ஒண்ணுன்னா அஞ்சு செட். எதுலயும் ஒண்ணு மராமத்துக்குக் கூடுதலா வேணும். நாலு செட்டுல முதல் கட்டம் ஓடும், ஒரு மண்டலத்துக்கு இது பெரிய எண்ணிக்கை இல்ல. எட்டுப் பெட்டி மெமுவுல உக்காந்தும் நின்னும் ஆயிரம் பேருக்கு மேல போகலாம், பஸ்ஸுன்னா பதினஞ்சு பஸ் ஆகும். ஒரு பெட்டி 20 மீட்டருக்குக் கொஞ்சம் மேல, அதனால எட்டுப் பெட்டிக்கு 180 மீட்டர் பிளாட்பாரம் போதும், 12 பெட்டிக்கு 260 வேணும். ஹால்ட்டுகள்ல பிளாட்பாரத்தை இப்பவே 260க்கு நீட்டச் சொல்லிக் கேளுங்க, பின்னால இன்னொரு தடவ உடைக்க வேண்டியதில்ல.

---

கேட்டுக்கு அந்தப் பக்கம்

நான் எதிர்ப்பு இல்லீங்க, ஆனா ஒருத்தராவது ரயில்வே கேட்டப் பத்திப் பேசுங்க. தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் எங்க வீடு, இன்னொரு பக்கம் மெயின் ரோடு. இப்ப ஒரு வண்டிக்கு கேட் சாத்துனா அஞ்சு நிமிஷம். அரை மணிக்கு ஒண்ணுன்னா ரெண்டு பக்கமும் சேத்து மணிக்கு நாலு வண்டி, அப்ப 20 நிமிஷம் சாத்தியிருக்கும். ஒரு மணி நேரத்துல மூணுல ஒரு பங்கு. போன வருஷம் எங்கப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப ஆட்டோ கேட்டுல நின்ன அந்த அஞ்சு நிமிஷத்த நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். அப்பா நல்லா இருக்கார், அது வேற விஷயம். மேம்பாலமோ சுரங்கப்பாதையோ முடியாம அரை மணி வண்டி விடாதீங்க. சுரங்கப்பாதைன்னா மழைல தண்ணி நிக்காத மாதிரி.

---

துடியலூர்க்காரன்

அண்ணா, நீங்க எழுதுனதப் படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத முடியல. அதையும் மனுவுல போடறேன், கடைசில ஒரு வரியா இல்ல, தனிப் பாராவா.

இப்ப மனு இப்படி மாறியிருக்குது. ஒரே லைன், மேட்டுப்பாளையம் – போத்தனூர். முதல் கட்டம் மணிக்கு ஒரு மெமு, எல்லா மணிக்கும் ஒரே நிமிஷத்துல, அதாவது துடியலூர்ல 7.10ன்னா 8.10, 9.10னு, ஜனங்களுக்கு மனசுல நிக்கற மாதிரி. அதுக்குத் தேவையான ஒண்ணு ரெண்டு லூப் லைன், நாலு செட் வண்டி. நாலு நடைய பொள்ளாச்சி வரைக்கும் நீட்டணும், இதுக்கு ரெண்டு கோட்டத்துக்கும் காப்பி. ரெண்டாவது கட்டம் துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை மூணுலயும் முழு கிராசிங், கேட் எல்லாம் முடிஞ்சதுக்கப்புறம் அரை மணிக்கு ஒண்ணு. மாநில அரசுக்குத் தனி மனு, வடகோவை – காந்திபுரம் பஸ், மத்த ஸ்டேஷன் வாசல்கள்ல மினி பஸ், ஒரே டிக்கெட். திருப்பூர் லைனுக்கு ஆட்டோமேட்டிக் சிக்னல் கேட்டு இன்னொரு மனு, அது பின்னால. சோமனூர் தங்கச்சி, உங்க ஊரு முதல் மனுவுல இல்லாமப் போச்சு, வருத்தமா இருக்குது.

---

சோமனூர் பொண்ணு

வருத்தம்தான், ஆனா புரியுதுங்ணா. லைட்டு, கக்கூஸு, வழி, இத மட்டும் முதல் மனுவுல முதல் பாராவா போடுங்க. இதுக்கு லூப் லைன் போடற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல, நாளைக்கே செய்யலாம். திருப்பூர் லைன் மனுவ நான் எழுதறேன்.

---

செக்ஷன் கண்ட்ரோல் (ஓய்வு)

ஒரே ஒரு குறை. எத்தன பேர் வருவாங்கங்கற எண்ணிக்கை உங்க மனுவுல இல்ல. ரயில்வேல வருமானத்தப் பாக்கற கமர்ஷியல் பிரிவுல முதல்ல கேக்கறது அதத்தான். கன்சல்டன்ட் எல்லாம் வேண்டாம், நீங்களே எண்ணுங்க. காலைல 7ல இருந்து 9 வரைக்கும் டவுன் பக்கம் போற பஸ் எத்தன, ஒவ்வொண்ணுலயும் நிக்கறவங்க தோராயமா எத்தன, ஒரு வாரம். பைக்கையும் எண்ணுங்க, அதுல ஒருத்தராப் போறவங்களத் தனியா. தேதி, நேரம், எண்ணுனவர் கையெழுத்து போட்டு மனுவோட இணைங்க.

---

துடியலூர்க்காரன்

சரிங்கய்யா. வர்ற திங்கக்கிழமை ஆரம்பிக்கலாம். காலைல 7 மணிக்கு துடியலூர் ஸ்டாப்புல நான் நிக்கறேன், பைக் எண்ண என் தம்பி வர்றான். காரமடைக்கு ஒருத்தர் ஒத்துக்கிட்டாங்க. பெரியநாயக்கன்பாளையத்துக்கும் என்.ஜி.ஜி.ஓ. காலனிக்கும் ஆள் வேணும், ரெண்டு மணி நேரம்தான், நோட்டும் பேனாவும் நான் தர்றேன். முடியறவங்க இங்கயே சொல்லுங்க.

---

கேட்டுக்கு அந்தப் பக்கம்

என்.ஜி.ஜி.ஓ. காலனி நான் பாத்துக்கறேன். கேட் எத்தன தடவ சாத்தறாங்க, எத்தன நிமிஷம்னும் சேத்து எழுதறேன்.